வாளிக் கணக்கில் ஈயம்

அமெரிக்காவின் துப்பாக்கிகளுக்கு இரண்டு நூற்றாண்டுகளாக ஈயம் கொடுத்த மாநிலம் மிசௌரி. இன்று அங்கேயே டயர் கடை வாசலில் ஈயம் தேடி நிற்கிறார்கள். மலிவாகக் கிடைப்பதற்கு வேறு ஒரு விலையும் உண்டு.

செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து 55ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் போனால் ஹெர்குலேனியம் வரும். மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய சிறிய ஊர். பெயர் மட்டும் பெரிது. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது பாம்பேயோடு சேர்ந்து புதைந்துபோன ரோமானிய நகரத்தின் பெயர் அது. 1808இல் மோசஸ் ஆஸ்டின் என்ற ஈய வியாபாரி இந்த ஊரை அமைத்தபோது அந்தப் பெயரைச் சூட்டினார். (டெக்சாஸ் தலைநகருக்குப் பெயர் கொடுத்த ஸ்டீபன் ஆஸ்டின் இவருடைய மகன்.)

ஆஸ்டின் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு ஆறு ஒரு காரணம். உள்நாட்டுச் சுரங்கங்களிலிருந்து வரும் ஈயத்தைப் படகில் ஏற்றலாம். ஆற்றங்கரையில் செங்குத்தாக நிற்கும் சுண்ணாம்புப் பாறைகள் இன்னொரு வசதி. துப்பாக்கி ரவை செய்ய அன்று உயரம் தேவைப்பட்டது. உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழியாக உயரத்திலிருந்து விட்டால், விழும் வழியில் ஒவ்வொரு துளியும் தானே உருண்டையாகித் தண்ணீர்த் தொட்டியில் போய் விழும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் வில்லியம் வாட்ஸ் என்பவர் 1782இல் காப்புரிமை பெற்ற முறை இது. மற்ற ஊர்களில் இதற்காகக் கோபுரம் கட்டினார்கள். ஹெர்குலேனியத்தில் பாறையே முக்கால் கோபுரம். 1809இல் இங்கே ரவைக் கோபுரம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. மூன்று ஆண்டுகளில் பிரிட்டனோடு போர் மூண்டபோது ரவைக்குப் பஞ்சமில்லை.

பாறைகள் இன்றும் அப்படியே நிற்கின்றன. கோபுரம் இல்லை. 1892இல் வந்த ஈய உருக்காலையும் இப்போது ஈயம் உருக்குவதில்லை. 2013 டிசம்பரில் அதன் உலை அணைந்தது. தாதுவிலிருந்து நேரடியாக ஈயம் எடுத்த அமெரிக்காவின் கடைசி ஆலை அதுதான்.

வதந்தியும் வாளியும்

ஆலை மூடப்படும் செய்தி வந்ததும் அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்களிடையே ஒரு வதந்தி தீயாகப் பரவியது. துப்பாக்கியைத் தடை செய்ய முடியாத ஒபாமா அரசு கொல்லைப்புற வழியாகக் குண்டுக்கான ஈயத்தைத் தடுக்கிறது என்பதுதான் அது. கடைகளில் ஏற்கெனவே தோட்டாத் தட்டுப்பாடு நிலவிய ஆண்டு. வதந்திக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

உண்மை வேறு. காற்றில் இருக்கலாம் என்று அனுமதிக்கப்படும் ஈயத்தின் அளவை 2008இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. கனமீட்டருக்கு 1.5 மைக்ரோகிராம் என்றிருந்தது 0.15 ஆயிற்று. பழைய ஆலையை அதற்கேற்ப மாற்றுவது கட்டுப்படியாகாது என்று முடிவு செய்த டோ ரன் கம்பெனி, 2010இலேயே மூடுவதாக ஒப்புக்கொண்டது. தோட்டாத் தொழிற்சாலைகளும் இந்த ஆலையை மட்டும் நம்பியிருக்கவில்லை. அமெரிக்காவில் புழங்கும் ஈயத்தில் பெரும்பகுதி பழைய கார் பேட்டரிகளை உருக்கி எடுப்பது.

ஆனால் வதந்தியால் ஒரு விளைவு இருந்தது. வீட்டிலேயே குண்டு வார்ப்பவர்கள் மேலும் தீவிரமாக ஈயம் சேர்க்க ஆரம்பித்தார்கள்.

வீட்டில் குண்டு வார்ப்பது அமெரிக்கக் கிராமப்புறங்களில் பழைய பழக்கம். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா செய்துகொள்ள மத்திய அரசின் லைசென்ஸ் தேவையில்லை. விற்பதற்குத் தயாரித்தால்தான் தேவை. சுட்ட பிறகு கீழே விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, புதிய மருந்தும் வெடிமூடியும் இட்டு, முனையில் சொந்தமாக வார்த்த குண்டைப் பொருத்துகிறார்கள். லைமன், லீ, ஆர்சிபிஎஸ் போன்ற கம்பெனிகள் இதற்கென்றே அச்சு, உருக்கும் சட்டி, கரண்டி விற்கின்றன. மான் வேட்டைக்குப் போகும் விவசாயி, வாரம் தவறாமல் குறிபார்த்துச் சுடும் ஓய்வுபெற்ற தொழிலாளி, தாத்தாவின் துப்பாக்கிக்குக் கடையில் குண்டு கிடைக்காதவர் என்று பலவகை ஆட்கள்.

பொழுதுபோக்குதான் என்றாலும் கணக்கு முக்கியம். ஒரு பவுண்டு என்பது 7,000 கிரெய்ன். கைத்துப்பாக்கியில் பரவலாகப் பயன்படும் 158 கிரெய்ன் குண்டு ஒரு பவுண்டு ஈயத்தில் 44 தேறும். உலகச் சந்தையில் ஈயம் டன் 2,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் பவுண்டு 90 சென்ட் ஆகிறது. ஒரு குண்டுக்கு இரண்டு சென்ட். கடையில் வாங்கும் குண்டு இதைப்போல் பல மடங்கு. அந்த 90 சென்டும் கொடுக்காமல் ஈயம் கிடைத்தால்? அங்கேதான் தேடல் தொடங்குகிறது.

டயர் கடை வாசலில்

நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஊருக்கு ஊர் டயர் கடை. ஒவ்வொரு கடையிலும் மூலையில் ஒரு வாளி. சக்கரம் ஆடாமல் ஓடுவதற்காக விளிம்பில் மாட்டும் சின்னச் சின்ன பேலன்சிங் வெயிட்டுகளை, டயர் மாற்றும்போது கழற்றி அதில் போடுவார்கள். கடைக்காரருக்கு அது குப்பை. ஒரு பெட்டி பீர் வாங்கிக் கொடுத்தால் வாளியோடு தூக்கிக் கொடுத்துவிடுவார். ஐந்து காலன் வாளி நிறைந்தால் சுமார் 60 கிலோ. ஒருவர் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

குண்டு வார்ப்பவர்களுக்கு அந்த வெயிட் வரப்பிரசாதமாக இருந்ததற்குக் காரணம் அதன் கலவை. சுத்தமான ஈயம் நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மென்மை. முன்வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய பாணித் துப்பாக்கிக்கு அது போதும். நவீனத் துப்பாக்கியின் வேகத்தில் மென்மையான குண்டு குழலின் உட்புறத்தில் ஈயத்தை அப்பிவிடும். கொஞ்சம் கடினம் வேண்டும். விளிம்பில் கொக்கிபோல் மாட்டும் வெயிட்டில் சுமார் 3 சதவீதம் ஆன்டிமனி கலந்திருக்கும். துளி வெள்ளீயம் சேர்த்தால் போதும், அச்சின் மூலை முடுக்கெல்லாம் நிறைந்து குண்டு பளிச்சென்று வரும்.

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். அதில் ஆபத்தில்லை. மிசௌரியின் மண்ணுக்குள் இருப்பதும் குண்டுகளில் பாதிக்கு மேல் அல்ல, கிட்டத்தட்ட முழுவதும் இருப்பதும் காரீயம். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் ஒட்டிக்கொண்டாலும் உடம்புக்குள் போனால் இரண்டும் ஒன்றல்ல.

இப்போது வாளிகள் மாறிவிட்டன. சாலையில் கழன்று விழும் வெயிட்டுகள் நசுங்கித் தூளாகி மண்ணிலும் மழைநீரிலும் கலக்கின்றன என்பதால் ஐரோப்பா 2005இல் ஈய வெயிட்டுக்கு விடை கொடுத்தது. கலிபோர்னியா 2010இலும் வாஷிங்டன் மாநிலம் 2011இலும் தடை செய்தன. வேறு சில மாநிலங்கள் பின்தொடர்ந்தன. மிசௌரி அந்த வழியில் போகவில்லை. ஆனால் கார் கம்பெனிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு வெயிட் மாட்டுவதில்லை. புதிய வண்டிகளில் வருவது துத்தநாகமும் இரும்பும். காயலாங்கடைக்காரர்களும் விழித்துக்கொண்டார்கள். 2000களின் தொடக்கத்தில் டன் 500 டாலருக்குள் கிடந்த ஈயம் 2007 அக்டோபரில் 4,000 டாலரை நெருங்கியது. அதற்குப் பிறகு யாருடைய வாளியும் இலவசமில்லை.

காசு கொடுத்து வாங்கிய வாளியையும் வீட்டில் கொட்டிப் பொறுக்க வேண்டியிருக்கிறது. வெயிட்டின் மேல் ‘பிபி’ என்று பொறித்திருந்தால் ஈயம், ‘இஜட்என்’ என்றால் துத்தநாகம், ‘எஃப்இ’ என்றால் இரும்பு. எழுத்து தேய்ந்திருந்தால் கட்டிங் பிளேயரால் கடித்துப் பார்க்கிறார்கள். ஈயம் இடம் கொடுக்கும், மற்றவை கொடுக்காது. தரையில் போட்டால் ஈயம் ‘தொப்’பென்று விழும், துத்தநாகம் ‘டிங்’கென்று ஒலிக்கும். இவ்வளவு கவனம் ஏனென்றால், சட்டியில் கொஞ்சம் துத்தநாகம் கரைந்தாலும் மொத்த ஈயமும் கூழ்போலாகி அச்சில் சரியாக இறங்காது. நல்லவேளையாக ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, துத்தநாகத்துக்கு 419 டிகிரி தேவை. சூட்டை இரண்டுக்கும் நடுவில் பிடித்து வைத்தால், தப்பி உள்ளே போன துத்தநாகம் மேலே மிதக்கும். கரண்டியால் அள்ளி எறியலாம். கொக்கியும் அழுக்குமாக ஒரு பங்கு கழியும். 60 கிலோ வாளியில் பாதி தேறினால் அது நல்ல வாளி.

நல்ல பூமி

ஹெர்குலேனியத்தைத் தாண்டி, 67ஆம் எண் சாலையில் தெற்கே இறங்கினால் பழைய ஈயப் பட்டை தொடங்குகிறது. இந்த வட்டாரத்து ஊர்ப் பெயர்களில் பிரெஞ்சு வாடை வீசும். 1720களிலேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். போன் டெர் என்ற ஊரின் பெயருக்கு ‘நல்ல பூமி’ என்று பொருள். நல்லது என்று அவர்கள் சொன்னது விளைச்சலை அல்ல, கலீனா என்ற பளபளக்கும் ஈயத் தாதுவை. கலீனாவின் எடையில் 86 சதவீதத்துக்கு மேல் ஈயம். 1967இல் மிசௌரி அதைத் தன் மாநிலக் கனிமமாகவே அறிவித்தது.

1864இல் தொடங்கிய செயின்ட் ஜோசப் லெட் கம்பெனி நூறாண்டு தோண்டிய போன் டெர் சுரங்கம் 1962இல் மூடப்பட்டது. பம்புகள் நின்றதும் நிலத்தடி நீர் ஏறியது. இன்று அது பூமிக்கடியில் ஒரு ஏரி. கண்ணாடிபோன்ற நீரில் விளக்கொளியில் முக்குளிக்க வரும் சுற்றுலாக்காரர்கள், அப்படியே விட்டுப்போன தாது வண்டிகளையும் தூண்களையும் பார்த்துவிட்டு மேலே வருகிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி பார்க் ஹில்ஸ். 1994இல் நான்கு சுரங்க ஊர்கள் ஒன்றாகி உருவான ஊர் இது. அங்கே பழைய தாது ஆலை ஒன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. ஆலையைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் பாலைவனம்போல் விரிந்து கிடப்பது இயற்கை மணல் அல்ல. தாதுவை அரைத்து ஈயம் எடுத்தபின் கொட்டிய கழிவு. அதன்மேல் இப்போது மோட்டார் சைக்கிள்கள் புழுதி பறக்க ஓடுகின்றன. மாநிலப் பூங்காவே அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறது.

அந்தக் கழிவை ஒரு காலத்தில் இலவசமாக அள்ளிப்போனார்கள். சாலைக்குப் போட்டார்கள், கட்டுமானத்துக்குப் பயன்படுத்தினார்கள், சுண்ணாம்புச் சத்து என்று வயலில் தூவினார்கள். கும்மாச்சி கும்மாச்சியாகக் கிடப்பதை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? 1992இல் இந்த வட்டாரம் தேசிய அளவில் சுத்தப்படுத்த வேண்டிய நச்சு நிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. வீட்டு முற்றங்களில் மேல்மண்ணை வெட்டியெடுத்து, வெளியிலிருந்து மண் கொண்டுவந்து நிரப்பும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்தது. இலவசமாக வந்ததை அப்புறப்படுத்த ஆன செலவு, அள்ளிப்போனவர்கள் கணக்கில் இருந்திருக்காது.

எழுத்தும் சிலையும்

வெயிட் கிடைக்காதபோது வேறு வழிகள். பழைய கூரையின் மடிப்புத் தகடு, வீடு இடிக்கும்போது வரும் குழாய், டெலிபோன் கேபிளின் உறை எல்லாம் மென்மையான ஈயம். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறையைப் புதுப்பித்தால் சுவருக்குள்ளிருந்து தகடு தகடாக வரும். துப்பாக்கி பயிலும் மைதானத்தின் மண்மேட்டைச் சலித்தால் சுட்ட குண்டே திரும்பக் கிடைக்கும்.

இவற்றில் உயர்ந்த சரக்கு என்று கருதப்படுவது பத்திரிகை அச்சகத்தின் லைனோடைப் உலோகம். 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். எழுத்து கூர்மையாக விழவேண்டும் என்பதற்காகச் செய்த கலவை, குண்டுக்கும் பொருந்திப்போயிற்று. கம்ப்யூட்டர் வந்து லைனோடைப் மெஷின்கள் மூலைக்குப் போனபோது அச்சகங்கள் டன் கணக்கில் கழித்துப் போட்டன. தலையங்கமும் மரண அறிவிப்பும் கோத்த உலோகம் குண்டாகிக் காட்டில் மறைந்தது. இப்போது அபூர்வமாகவே கிடைக்கிறது. கிடைத்தவர்கள் உப்பைப்போல் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கிறார்கள்.

பழையதை உருக்கிக் குண்டாக்குவது அமெரிக்காவுக்குப் பிறவிப் பழக்கம். 1776 ஜூலை 9 அன்று நியூயார்க்கில் மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கூட்டம் இழுத்துத் தள்ளியது. துண்டுகளில் பெரும்பகுதி கனெக்டிகட் மாநிலத்தின் லிட்ச்ஃபீல்டு ஊருக்குப் போயிற்று. அங்கே ஆலிவர் வோல்காட் என்ற தலைவரின் வீட்டில் பெண்களும் குழந்தைகளும் உட்கார்ந்து வார்த்தார்கள். எழுதி வைத்த கணக்கு: 42,088 குண்டுகள். மன்னரை மன்னரின் படைமீதே சுட்டோம் என்று இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தக் குழந்தைகளின் விரல்களில் ஒட்டியது எவ்வளவு என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத காலம்.

தொடக்கூடாத சரக்கு

எங்கும் கிடைக்கும், எல்லாவற்றையும்விட மலிவான ஈயம் ஒன்று உண்டு. கார் பேட்டரி. புதிதாக வார்க்க வருபவர்களுக்கு முதலில் வரும் யோசனையும் அதுதான். அனுபவசாலிகள் முதலில் தடுப்பதும் அதைத்தான். பேட்டரிக்குள் இருப்பதில் பெரும்பகுதி அமிலத்தில் ஊறிய ஈயச் சேர்மங்கள். வீட்டுச் சட்டியில் போட்டால் உலோகமாக வருவது கொஞ்சம், கசடாக மிஞ்சுவதே அதிகம். நவீன பேட்டரியில் கால்சியமும் இருக்கிறது, ஆர்செனிக்கும் ஆன்டிமனியும் இருக்கலாம். அந்தக் கசடில் ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொடிய வாயுக்கள் கிளம்பக்கூடும். மிசௌரியிலேயே பாஸ் என்ற ஊரில் பேட்டரியிலிருந்து ஈயம் மீட்கும் பெரிய ஆலை இருக்கிறது. வடிகட்டிகளும் பரிசோதனைகளும் சட்டமும் சுற்றி நிற்க அங்கே செய்யும் வேலை அது. கொட்டகையில் செய்வதற்கில்லை.

ஈரத்தைப் பற்றிய பயம் மற்ற சரக்குக்கும் உண்டு. உருகிய ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் நொடியில் நீராவியாகிச் சட்டியிலிருக்கும் ஈயம் முழுவதையும் வாரி இறைக்கும். மறுநாள் கூரையிலும் சுவரிலும் வெள்ளி ஜிகினாபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘ஜிகினா தேவதை வந்துபோனாள்’ என்று வார்ப்பவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். முகத்திலும் கையிலும் அவள் தொட்ட தழும்பு உள்ளவர்கள் சிரிப்பதில்லை.

கண்ணுக்குத் தெரியாத கணக்கு

இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். ஹெர்குலேனியம் கற்றுக்கொடுத்தது வேறு வகை. 2001இல் அங்கே ஆலைக்குத் தாது கொண்டுபோகும் லாரிகள் ஓடிய சாலையில் புழுதியை எடுத்துச் சோதித்தார்கள். ஓரிடத்தில் புழுதியில் 30 சதவீதம் ஈயம். தெருவில் குழந்தைகளை விளையாட விடவேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது. ஆலைக்கு மிக அருகில் குடியிருந்த சிறு குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களின் ரத்தத்தில் ஈயம் அளவு மீறியிருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து சுமார் 160 வீடுகளைக் கம்பெனியே விலைக்கு வாங்கிக்கொள்ள ஏற்பாடாயிற்று. குடும்பங்கள் வெளியேறின. எரிமலை இல்லாமலே ஊரின் ஒரு பகுதி காலியானது.

அன்று ‘அளவு’ என்றது டெசிலிட்டர் ரத்தத்தில் 10 மைக்ரோகிராம். அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் அதை 2012இல் 5 ஆக்கியது, 2021இல் 3.5 ஆகக் குறைத்தது. குழந்தைகளுக்கு எந்த அளவும் பாதுகாப்பானதல்ல என்பதே இன்றைய மருத்துவ முடிவு. ஈயம் வளரும் மூளையைத் தாக்குகிறது. படிப்பிலும் கவனத்திலும் நடத்தையிலும் அது தெரிய ஆண்டுகள் ஆகும். போனது திரும்பாது.

வீட்டில் வார்ப்பவர் ஈய ஆவிக்குப் பயப்படுவார். உண்மையில் வார்க்கும் சூட்டில் ஈயம் அவ்வளவாக ஆவியாவதில்லை. அது கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். பயப்பட வேண்டியது தூசுக்கு. வாளியில் கிடக்கும் வெயிட்டின் சாம்பல் பூச்சு, சட்டியின் மேல் வழித்தெடுக்கும் கசடு, அது உலர்ந்து பறக்கும் பொடி. கையிலிருந்து சிகரெட்டுக்கு, செருப்பிலிருந்து தரை விரிப்புக்கு, சட்டையிலிருந்து துவைக்கும் மெஷினுக்கு அது பயணம் செய்கிறது. தரையில் தவழும் குழந்தை அதைத் தேடிப் போகவேண்டியதில்லை. கையை வாயில் வைத்தால் போதும்.

இதைப் புரிந்துகொண்டவர்களின் பழக்கங்கள் தனியாகத் தெரியும். வெட்டவெளியில்தான் உருக்குகிறார்கள். அதற்கென்று ஒரு சட்டை, ஒரு ஜோடி பூட்ஸ். இரண்டும் வீட்டு வாசற்படியைத் தாண்டுவதில்லை. வேலை நடக்கும் இடத்தில் தின்பதும் குடிப்பதும் புகைப்பதும் இல்லை. துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத் துணியால் துடைக்கிறார்கள். கசடை மூடியுள்ள டப்பாவில் அடைத்து, நச்சுக் கழிவு எடுக்கும் இடத்தில் கொடுக்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை ரத்தம் சோதிக்கிறார்கள். சமையலறைப் பாத்திரம் ஒன்று ஈயச் சட்டியாகிவிட்டால் அது மறுபடி அடுப்பங்கரைக்குப் போவதில்லை. இதையெல்லாம் செய்து அறுபது, எழுபது வயதிலும் ஆரோக்கியமாக வார்த்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதவர்களின் கொட்டகைகளும் இருக்கின்றன. இரண்டுக்கும் வாளி ஒன்றுதான்.

மேற்கே விபர்னம் பகுதியில் 1950களில் கண்டுபிடித்த புதிய ஈயப் பட்டையில் சுரங்கங்கள் இன்றும் இயங்குகின்றன. நூறாண்டுக்கு மேலாக அமெரிக்காவின் முதன்மை ஈய மாநிலம் மிசௌரிதான். ஆனால் தாதுவை உருக்க உள்நாட்டில் ஆலை இல்லாததால் அது கப்பலேறி வெளிநாட்டு உலைகளுக்குப் போகிறது. அந்த உலைகளைச் சுற்றியும் தெருக்கள் உண்டு, குழந்தைகள் உண்டு. ஈயத்தின் விலையில் ஒரு பகுதியை எப்போதும் யாரோ ஒரு வீட்டு வாசலில் கட்டியிருக்கிறார்கள். ஹெர்குலேனியத்தில் அதைக் கம்பெனியின் பக்கத்து வீட்டுக்காரர்கள் கட்டினார்கள். வாளி வாங்கிப்போகிறவர் மட்டும்தான், அதைத் தன் வீட்டில் யாரும் கட்டாமல் பார்த்துக்கொள்ளும் நிலையில் இருக்கிறார். குண்டுக்கு இரண்டு சென்ட் என்ற கணக்கில் சோப்பையும் ஈரத் துணியையும் ரத்தப் பரிசோதனைக் கட்டணத்தையும் சேர்த்தாலும் ஈயம் மலிவுதான். சேர்க்காவிட்டால்தான் விலை ஏறிவிடுகிறது.